அறிவு கூடியது, அப்புறம்?

எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் தீசிஸ் தலைப்போடு என் அறைக்கு வரத் தொடங்கும் மாதம் இது. பெரும்பாலும் தலைப்பின் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பற்றி மாணவிகளுக்கு ஒரு ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம். அதற்கு முன்னால் ஒரு ப்ரீ டெஸ்ட், ஒரு வாரம் கழித்து ஒரு போஸ்ட் டெஸ்ட். ரத்தப்போக்குக்குப் பதிலாகத் தாய்ப்பால், ரத்தசோகை, குழந்தையை மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு என்று தலைப்பு மாறும். ஆய்வு மாறாது. மதிப்பெண் கூடியிருக்கும். டி டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை போட்டுப் பார்த்தால் பி மதிப்பு 0.001-க்குக் கீழே வரும், அதாவது இந்த உயர்வு தற்செயல் இல்லை என்று. "வகுப்பு பயனுள்ளதாக இருந்தது" என்று முடிவுரை எழுதி, பைண்டிங் செய்து, நூலகத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு வருடப் படிப்பில் வார்டு போஸ்டிங், தேர்வு, எத்திக்ஸ் கமிட்டி எல்லாம் போக ஆய்வுக்கென்று கையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த நேரத்துக்குள் முடிகிற வடிவம் இது. ஆனால் முப்பது கேள்விக்குச் சரியான விடை எழுதிய பெண், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாய்க்கு ரத்தம் நிற்காமல் போகும்போது என்ன செய்கிறாள்? அதை இந்த ஆய்வுகள் பார்ப்பதே இல்லை. மகப்பேறு செவிலியத்தைச் சொல்லிக்கொடுப்பதிலும், அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஆராய்வதிலும்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் போயிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் லேபர் வார்டில்தான் இருக்கிறது, ஆராய்கிறவரும் அங்கேதான் போய் நிற்க வேண்டும் என்பது இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று.

நம் ஊரில் இந்தப் படிப்பே வார்டில் பிறந்ததுதான். மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854-லேயே மெட்ராஸில் அரசு அனுமதி கொடுத்தது. 1926-ல் மெட்ராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. பட்டம் வந்தது பெரிய விஷயம். எங்களைப் போன்றவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே அதனால்தான். ஆனால் அதோடு சேர்ந்து ஆசிரியர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பறைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பல கல்லூரிகளில் இன்று பாடம் எடுப்பவர் ஒருவர், பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். பாடம் எடுப்பவர் கடைசியாகப் பிரசவம் பார்த்து வருடங்கள் ஆகியிருக்கும். பிரசவம் பார்ப்பவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எழுத்தில் கிடையாது. மாணவி இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறாள்.

நான் முதலில் கையில் எடுத்தது, மாணவி வார்டில் செய்ததை எல்லாம் எண்ணிக்கையோடு எழுதிக் கையெழுத்து வாங்கும் ரெக்கார்டு நோட்டை. நர்சிங் படித்தவர்களுக்கு அந்த நோட்டு என்றாலே வயிற்றைக் கலக்கும். எங்கள் காலத்துப் பாடத்திட்டப்படி பி.எஸ்சி. மாணவி இருபது சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும். அதுபோக உள்பரிசோதனைக்கு ஓர் எண்ணிக்கை, பிறப்பு வழியை அகலமாக்க வெட்டும் எபிசியாட்டமிக்கும் தையலுக்கும் ஓர் எண்ணிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு நெறிமுறை மருத்துவச்சி மாணவிக்கு நாற்பது பிரசவம் என்று சொல்கிறது. போதிய கேஸ் கிடைக்காத இடத்தில் முப்பது வரை குறைக்கலாம், ஆனால் கூடவே இருபது பிரசவத்துக்கு உதவியிருக்க வேண்டும். எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபர் வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஷிப்டில் ஹவுஸ் சர்ஜன்கள், பி.ஜி. டாக்டர்கள், நர்சிங் டிப்ளமோ படிக்கும் ஜி.என்.எம். மாணவிகள், கிராமத் துணைச் செவிலியர் பயிற்சியில் இருக்கும் ஏ.என்.எம். மாணவிகள், வேறு வேறு கல்லூரிகளிலிருந்து வந்த பி.எஸ்சி. மாணவிகள். எல்லோருக்கும் கேஸ் வேண்டும். தலை தெரிகிறது என்று சத்தம் கேட்டதும் நான்கு பேர் கையுறை போடுகிறார்கள். ஒருத்தி பிறப்புறுப்புக்குக் கீழுள்ள பெரினியத்தைக் கிழியாமல் தாங்குகிறாள், ஒருத்தி குழந்தையை ஏந்துகிறாள், ஒருத்தி தொப்புள்கொடியை வெட்டுகிறாள், ஒருத்தி நஞ்சை (பிளாசென்டாவை) வாங்குகிறாள். நான்கு நோட்டிலும் ஒரு பிரசவம் ஏறுகிறது. நான்குக்கும் சிஸ்டர் கையெழுத்துப் போடுகிறார்.

நான் ஒரு மூலையில் கடிகாரமும் ஒரு தாளும் வைத்துக்கொண்டு நின்றேன். தாய் வார்டுக்குள் வந்ததிலிருந்து நஞ்சு விழும் வரை மாணவியின் கை எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன். தியரி எதுவும் இல்லாத எளிய வேலை. ஆனால் தாள்கள் சேரச் சேர ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வலி எடுத்து மணிக்கணக்காகப் படுத்திருக்கும் தாயின் பக்கத்தில் மாணவிகள் யாருமே உட்காரவில்லை. அவர்கள் கட்டிலின் கால்மாட்டில் கூட்டமாக நின்றுகொண்டு அடுத்த தலை எங்கே தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் நோட்டு எண்ணுவது அந்தக் கடைசிச் சில நிமிடங்களை மட்டும்தான். வயிற்றில் கை வைத்துப் பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவதற்கு நோட்டில் இடமில்லை. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதற்கும் இல்லை. அந்தத் தாய் பயந்துபோய்க் கையைப் பிடிக்கும்போது பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இல்லை.

பிரசவம் எப்படி நகர்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டும் பார்ட்டோகிராஃபின் கதையும் இதேதான். 1972-ல் ஃபில்பாட்டும் காசிலும் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) உருவாக்கிய கருவி அது. எழுபதுகளின் ஆப்பிரிக்காவில், டாக்டர் தூரத்தில் இருக்கும் இடத்தில், எந்தத் தாயை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு மருத்துவச்சி தானே முடிவெடுக்க உதவும் தாள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றி லேபர் கேர் கைடு என்று கொண்டுவந்தது. அதில் கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்ததிலிருந்துதான் பதிவு தொடங்குகிறது. கூடவே துணைக்கு ஆள் இருக்கிறாரா, குடிக்க ஏதாவது கொடுத்தார்களா என்றும் அந்தத் தாள் கேட்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பழைய தாளானாலும் புதுத் தாளானாலும், பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பினால் அது வெறும் படம். புள்ளிகள் எல்லாம் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரு கோணல் இல்லாமல் ஏறியிருந்தால் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வலியோடு புரளும் தாயின் பக்கத்தில் நின்று போட்ட புள்ளி அப்படி இருக்காது.

அதற்குப் பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். என் வயதுக்காரர்களுக்கு அது சுலபமாக இல்லை. நர்சிங்கில் பிஎச்.டி. முடித்து வழிகாட்டத் தகுதி பெற்றவர்களே அப்போது குறைவு. இந்திய நர்சிங் கவுன்சில் பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தேசிய அளவில் ஒரு பிஎச்.டி. கூட்டமைப்பைத் தொடங்கியபோது பலருக்கு வழி திறந்தது. நான் வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தில் செய்தேன். பகலில் வகுப்பு, மாலையில் வார்டு, பிள்ளைகள் தூங்கியபின் எழுத்து. வீட்டில் மாமியார் இருந்ததால் முடிந்தது. அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

ரத்தம் பற்றிய வேலை அங்கே தொடங்கியது. சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு என்று எல்லா மாணவிக்கும் தெரியும். தேர்வில் எழுதிவிடுவார்கள். ஆனால் 500 மில்லி எப்படி இருக்கும்? எங்கள் ஸ்கில் லேபில் ஜவ்வரிசிக் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி, ஆறவைத்து, சிவப்புச் சாயமும் துளி பழுப்பும் கலந்து ரத்தத்தின் பதத்துக்குக் கொண்டுவந்தோம். சாயத்தை மட்டும் தண்ணீரில் கலந்தால் துணியில் ஒரேயடியாகப் பரவிவிடும். கஞ்சி என்றால் கொஞ்சம் நின்று ஊறும், கட்டிகூடச் செய்யலாம். அதை அளந்து அளந்து வெவ்வேறு இடங்களில் ஊற்றினோம்: கிட்னி டிரேயில், பஞ்சில், ரப்பர் ஷீட்டில், தரையில், மடித்துப் போட்ட பழைய பருத்திச் சேலையில். நம் தாய்மார்கள் பிரசவத்துக்கு வரும்போது பையில் கொண்டுவருவது அந்தச் சேலைத் துணியைத்தான். மாணவிகள் ஒவ்வொரு மேசையாகப் போய் எத்தனை மில்லி என்று எழுத வேண்டும்.

டிரேயில் இருந்ததைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்கள். சேலைக்கு வந்ததும் தடுமாறினார்கள். நாலாக மடித்த துணியில் மேல் மடிப்பில் தெரிவது ஒரு கைப்பிடி அகலம்தான், மிச்சம் உள்மடிப்புகளில் இருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவர்கள் சிலர்தான். வேலையில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களை அழைத்து வந்து அதே மேசைகளைக் காட்டியபோதும், அளவு கூடக் கூட எல்லோரும் குறைத்தே சொன்னார்கள். இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கர்நாடகத்தின் பெல்காமில் செய்த ஆய்வில், தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கிற, அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையில் சேர்ந்த அளவோடு ஒப்பிட்டால், கண்ணால் மதிப்பிட்டது 33 சதவீதம் குறைவாக இருந்தது. 2006-ல் வெளியான ஆய்வு. அதே வருடம் அதே பெல்காம் பகுதியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், கிராமத்து ஏ.என்.எம்.கள் கருப்பையை இறுகவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்ததில் அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில், நம்மைப் போன்றவர்களின் கையால் நடந்த வேலை. அந்த இரண்டு கட்டுரைகளையும் ஒவ்வொரு புது பேட்சுக்கும் நான் படிக்கக் கொடுக்கிறேன்.

2023-ல் இமோட்டிவ் ஆய்வு வந்தபோது அந்தப் பிளாஸ்டிக் பை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா என்று நான்கு நாடுகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் செய்த ஆய்வு. பையில் அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் மொத்தமாக உடனே தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறக்கும் அறுவை, ரத்தப்போக்கால் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கமான பராமரிப்பில் 4.3 சதவீதம், இங்கே 1.6. அதைப் படித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் ஆயா முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பெரிய ஆய்வை இதே ஆர்வத்தோடு படித்து மனம் கனத்திருக்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு நிலையங்களில் செய்த பெட்டர்பர்த் ஆய்வு. பிரசவத்தின்போது செய்ய வேண்டியவற்றை ஒரு செக்லிஸ்டாகக் கொடுத்து, பயிற்றுநர்கள் மாதக்கணக்கில் நேரிலேயே போய்ப் பழக்கினார்கள். இரண்டாவது மாதத்தில் செய்ய வேண்டிய 18 காரியங்களில் சராசரியாக 73 சதவீதம் நடந்தது, பயிற்சி இல்லாத இடத்தில் 42. பயிற்றுநர் போன பிறகு கொஞ்சம் இறங்கியது. ஆனால் தாய்சேய் மரணங்களிலும் கடும் பாதிப்புகளிலும் வித்தியாசமே இல்லை. 2017-ல் முடிவு வெளியானபோது செக்லிஸ்டே வீண் என்று பேசியவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கை கழுவுவதும் கருப்பை இறுக நேரத்துக்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும் பழக்கத்தால் வந்துவிடும். குழந்தை மூச்சுவிடாமல் நீலமாகக் கிடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியதற்கு வேறு விதமான பயிற்சி வேண்டும். அது பலமுறை செய்து, தவறி, பக்கத்தில் நிற்கும் ஒருவர் திருத்தி வர வேண்டியது. எங்கள் கல்லூரியில் மகப்பேறு செய்முறைத் தேர்வை, மேசை மேசையாகச் செய்துகாட்டும் ஆஸ்கி (OSCE) முறைக்கு மாற்ற நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான். 1975-ல் ஹார்டன் என்பவர் ஸ்காட்லாந்தின் டண்டீயில் டாக்டர் மாணவர்களுக்காகக் கொண்டுவந்தது, இன்று எங்களுக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு மேசையிலும் மாணவி செய்துகாட்ட வேண்டும். சொன்னால் மதிப்பெண் இல்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

கையால் செய்வதை மட்டுமா மாணவிகள் வார்டில் கற்றுக்கொள்கிறார்கள்? கத்துவதையும் கற்றுக்கொள்கிறார்கள். முதல் போஸ்டிங்கில் வலியில் அலறும் தாயைப் பார்த்துக் கண் கலங்கி நிற்கும் பெண், கடைசி வருடத்தில் "கத்தாம முக்கும்மா" என்று அதட்டுகிறாள். சில இடங்களில் இதைவிட மோசமான வார்த்தைகளும், தொடையில் அடிப்பதும் நடக்கின்றன. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் இது, ஆனால் எல்லோரும் தேறிவிடுகிறார்கள். இதை ஆராய்வது எப்படி என்று நீண்ட நாள் யோசித்தேன். கேள்வித்தாள் கொடுத்தால் "தாயை மரியாதையாக நடத்த வேண்டும்" என்ற கட்டத்தில் எல்லோரும் டிக் போடுவார்கள். கடைசியில் பெயர் போடாத குறிப்பேடு கொடுத்தேன். வார்டிலிருந்து வந்ததும் அன்றைக்குப் பார்த்ததைத் தமிழில், தோன்றியபடி எழுத வேண்டும். மதிப்பெண் இல்லை, கையெழுத்து இல்லை.

அதில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நான் மெதுவாகப் பேசினால் சீனியர்கள் எனக்கு வேலை தெரியாது என்று நினைக்கிறார்கள். அதனால் சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டேன்." இந்த இரண்டு வரி எனக்குப் பல கட்டுரைகள் சொல்லாததைச் சொல்லியது. அதட்டல் அந்த இடத்தில் திறமையின் அடையாளமாகிவிட்டிருக்கிறது. அப்படியானால் கருணையைப் பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுத்து என்ன மாறும்? மெதுவாகப் பேசியே வேலையைக் கச்சிதமாகச் செய்யும் ஒரு சிஸ்டரோடு அவளை நிற்க வைத்தால் மாறும். அப்படிப்பட்ட சிஸ்டர்கள் எல்லா வார்டிலும் ஒருவராவது இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது. அம்மாவோ மாமியாரோ தலைமாட்டில் நிற்கும்போது அந்த அறையின் குரலே தணிந்துவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்பாட்டை முழுமையாகக் கடைப்பிடிக்கும் வார்டுகளுக்குத்தான் என் மாணவிகளை முதலில் அனுப்ப விரும்புகிறேன்.

நம் மாநிலத்தில் வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதம் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில். தாய் இறப்பு விகிதம் 2018-20-ல் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54, நாடு முழுவதற்கும் 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. எல்லாத் தாய்மாரும் எங்கள் கைக்கு வந்துவிட்ட பிறகு, அந்தக் கை எப்படிப் பழகியிருக்கிறது என்பது இன்னும் முக்கியமாகிறது.

2018 டிசம்பரில் மத்திய அரசு மகப்பேறு செவிலியச் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது நாங்கள் பலரும் நம்பிக்கையோடு படித்தோம். ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி, அதன்பின் சிக்கலில்லாத பிரசவங்களைத் தாங்களே முழுப்பொறுப்போடு பார்க்கும் தனிப் பதவி. தெலங்கானா அதற்கு ஒரு வருடம் முன்பே ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து தொடங்கியிருந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்களைச் சந்தித்துப் பேசியிருக்கிறேன். தாயை உட்கார வைத்து, நடக்க வைத்து, பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிரசவம் பார்ப்பதை அவர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். எங்கள் நாளில் மல்லாக்கப் படுக்க வைப்பதைத் தவிர வேறு நிலையை நாங்கள் கண்டதில்லை. 2023-ல் பழைய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையத்துக்கான சட்டமும் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே மருத்துவச்சிக்குத் தனி இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் யார்? வாரத்தில் சில நாளாவது தாங்களே பிரசவம் பார்க்கும் ஆசிரியர்கள் வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் உரிமையும், வார்டு சிஸ்டருக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுக்கும் பதவியும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு வரும் வரை இது பாதி வழியில்தான் நிற்கும்.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது நைட் டூட்டி சிஸ்டர்களைப் பற்றிய வேலை. அவர்கள் மாணவிகளுக்கு எதை, எந்த நேரத்தில், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கூடவே இருந்து பதிவு செய்கிறோம். ஒரு சிஸ்டர் மாணவியின் கையைத் தன் கைக்கடியில் வைத்து, நஞ்சு விழுந்த பிறகு கருப்பை இறுகுவதை உணர வைக்கிறார். "இது கல்லு மாதிரி இருக்கணும். இருக்கா? இல்லையா? தேய். இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாணவி "இப்ப இருக்கு சிஸ்டர்" என்று சொல்லும் வரை கையை எடுப்பதில்லை. கால் மணி கழித்து மறுபடி அதே மாணவியை அனுப்பித் தொட்டுப் பார்த்துவரச் சொல்கிறார். அவர் படித்தது ஜி.என்.எம். டிப்ளமோ. அவர் சொல்லிக்கொடுப்பதற்கு நேரமும் இல்லை, படியும் இல்லை, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. மூன்று ஷிப்டுக்கும் இப்படி ஒருவரை அடையாளம் கண்டு, அவருடைய பொறுப்பிலிருந்து சில கட்டில்களைக் குறைத்து, கற்பிப்பவர் என்று எழுத்துமூலம் நியமிக்க வேண்டும் என்று துறைக்கு ஒரு முன்மொழிவு தயாரித்து வருகிறோம். பதிவுகளைத் தொகுத்து முடித்ததும், கண்டதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, முதல் பிரதியை அந்த வார்டின் டூட்டி ரூமில் ஒட்டப்போகிறோம். ஜர்னலுக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான்.